வீட்டுப் பட்டறையில் பாதுகாப்புச் சாதனங்கள்: எதற்கு எது?

நம் விக்கிரவாண்டி வட்டாரத்தில் மளிகைக் கடை என்றால் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, அதற்கும் பின்னால் ஒரு கொட்டகை என்பதுதான் பெரும்பாலும் அமைப்பு. அந்தக் கொட்டகைக்குத் தனியாகப் பெயர் எதுவும் இல்லை. ஒரு மூலையில் மாவு மிஷினோ மிளகாய் அரைக்கும் மிஷினோ இருக்கும். மறு மூலையில் கடலை மூட்டையும் உளுந்து மூட்டையும் அட்டி போட்டிருக்கும். நடுவில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பொட்டலம் கட்டுவார்கள். ராக் உடைந்தால் இரும்பு அறுப்பதும் அங்கேதான், கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அங்கேதான். நாம் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் அது ஒரு பட்டறை.

பெரிய ஆலைகளுக்குச் சட்டம் உண்டு, மேற்பார்வை உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிவிட்டது. ஆகவே நம் கொட்டகையை எட்டிப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. அங்கே மூச்சு விடுகிறவர்களின் நலத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பாதிப்பேர் நம் வீட்டார்.

2020-க்குப் பிறகு மாஸ்க் என்பது எல்லோருக்கும் தெரிந்த பொருளாகிவிட்டது. கல்லாப்பெட்டி அடியில் பழைய மாஸ்க் நாலைந்து இல்லாத கடை குறைவு. கையுறையும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஆனால் எந்த வேலைக்கு எதைப் போடுவது, எந்த வேலைக்கு எதைப் போடவே கூடாது என்பது பலருக்குத் தெளிவாக இல்லை. பொருத்தமில்லாத சாதனம் சும்மா பயனற்றுப் போவதோடு நிற்காது, காப்பு இருக்கிறது என்ற நினைப்பில் மனிதனை ஆபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே கையில் எடுக்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். எதிரே இருப்பது தூசியா, தெறிக்கும் திரவமா, பறக்கும் துண்டா, சுற்றும் சக்கரமா, அல்லது வாயுவா? ஐந்துக்கும் ஐந்து வழி.

தூசி

நம் தொழிலில் தினசரி எதிரி தூசிதான். மிளகாய்த் தூள் உடனே தும்ம வைக்கும், கண்ணில் நீர் வர வைக்கும். அதனால் அதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். கோதுமை மாவும் கடலை மாவும் அப்படி எரிவதில்லை, ஆகவே யாரும் கண்டுகொள்வதில்லை. உண்மையில் நாள்பட்ட கெடுதல் மாவுத் தூசியில்தான் அதிகம். மாவு ஆலைக்காரர்களுக்கும் ரொட்டி சுடுகிறவர்களுக்கும் மூச்சுத் தொல்லை வருவதை இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். இன்று அதை ரொட்டிக்காரர் ஆஸ்துமா என்றே மருத்துவர்கள் அழைக்கிறார்கள். இது ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், முதலில் தும்மலும் மூக்கில் நீரும்தான். பிறகு இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம். கடைக்கு லீவு விட்டு ஊருக்குப் போன நாட்களில் குறைந்து, திரும்பி வந்து மிஷின் போட்டதும் மறுபடி வந்தால் அது சளி அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். மிஷின் ஓட்டுகிறவரை அப்போதே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். என்ன வேலை செய்கிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சளி மாத்திரையோடு திரும்பி வருவார்.

தூசிக்கு மாஸ்க் பயன்படும். ஆனால் எந்த மாஸ்க்? தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டுவது நம் பழக்கம். கண்ணுக்குத் தெரியும் பெரிய துகளைத் துண்டு நிறுத்தும். நுரையீரலின் அடிவரை இறங்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். அதற்குத் துண்டின் இழை இடைவெளி ஊர்க்கதவு மாதிரி. நீலநிற ஆஸ்பத்திரி மாஸ்க்கும் ஏறத்தாழ இதே கதைதான். எச்சில் துளி பிறர்மேல் தெறிக்காமலிருக்கச் செய்யப்பட்டது அது. கன்னத்தின் இரு பக்கமும் இடைவெளி விட்டிருக்கும், காற்று வடிகட்டாமலே அந்த வழியில் உள்ளே போகும்.

தூசி வேலைக்கு ஏற்றது என்-95 வகை. மிக நுண்ணிய, 0.3 மைக்ரான் அளவுத் துகளில்கூட நூற்றுக்கு 95 பங்காவது தடுக்கும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். நம் நாட்டுத் தரக்குறி ஐ.எஸ். 9473. அதில் எஃப்.எஃப்.பி.-2 என்று போட்டிருப்பது ஏறக்குறைய அதே தரம். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இந்த எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். வெறுமனே என்-95 என்று அச்சடித்த துணி மாஸ்க் கொரோனா காலத்தில் எவ்வளவு விற்றது என்பது நமக்குத் தெரியாததா!

மூக்கின் முன்னால் சிறு வால்வு வைத்த மாஸ்க் கூடாது என்று 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது பலர் நினைவில் இருக்கும். அது நோய்த்தொற்றுக்காகச் சொன்னது. வால்வு வழியே வெளிவரும் மூச்சு வடிகட்டப்படாமல் எதிரில் இருப்பவர்மேல் படும் என்பது காரணம். மாவுத் தூசிக்கு அந்தக் கவலை இல்லை. உள்ளே இழுக்கும் காற்று வடிகட்டப்பட்டுத்தான் வருகிறது. நம் ஊர் வெயிலுக்கு வால்வு வைத்ததே கொஞ்சம் சுகம். ஆகவே மிஷின் வேலைக்கு அதைத் தாராளமாக வாங்கலாம்.

மாஸ்க் நல்லதாக இருந்தால் போதாது, முகத்தோடு பொருந்த வேண்டும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் மாதிரி நன்றாக இறுகும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி வளைக்க வேண்டும். பிறகு இரு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சு விட்டால், மூக்கருகிலோ கன்னத்திலோ காற்று சீறுகிறதா என்று தெரியும். கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே ஒழுகுகிறது என்று பொருள். தாடி உள்ளவருக்கு இந்த மாஸ்க் ஒருபோதும் பொருந்தாது. தாடி மயிரின் வழியே தூசி போகும். வேண்டுதலுக்குத் தாடி வளர்க்கும் மாதங்களில் மிஷின் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. பொட்டலம் கட்டும் பெண்களுக்கு முகம் சிறிது. ஆண்களுக்கு வாங்கிய அளவையே அவர்களுக்கும் கொடுத்தால் தாடையருகே திறந்து நிற்கும். சிறிய அளவும் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். அதன் விலையைக் கூலியில் பிடிக்கக் கூடாது.

இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். மாஸ்க் என்பது கடைசித் தடுப்பு. அதற்கு முன்னால் தூசி எழும்பாமல் செய்ய வேண்டும். மிஷின் வாயில் நீண்ட துணிப்பையைக் கட்டி, அதன் அடியை டின்னுக்குள் விட்டால் பாதித் தூசி அங்கேயே அடங்கும். மூட்டையை உயரத்தில் பிடித்துக் கொட்டாமல், டின் வாய்க்குள் சாய்த்துக் கொட்ட வேண்டும். மாலையில் தென்னந்துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவதுதான் நாள் முழுவதும் எழும்பியதைவிட அதிகத் தூசியைக் கிளப்புகிறது. ஈரத்துணியால் துடைக்கலாம். இல்லாவிட்டால் ஈர மரத்தூள் தூவிக் கூட்டலாம். காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று சுவரில் இருந்தால், மிஷின் ஓட்டுபவரின் முகத்தைத் தாண்டித் தூசி போகாமல், அவர் முதுகுப்பக்கமிருந்து காற்று வந்து தூசியை வெளியே கொண்டுபோகும்படி வைக்க வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் நாள் முழுவதும் மாஸ்க் போட்டிரு என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னாலும் நாம் கடைப்பக்கம் திரும்பியதும் கழுத்துக்கு இறக்கிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அரைப்பது, சலிப்பது, மூட்டை கொட்டுவது ஆகிய தூசி வேலைகளைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டால், அந்த நேரம் மட்டும் மாஸ்க் போட்டால் போதும். பிறகு தூசி அடங்கியதும் பொட்டலம் கட்டும் வேலை. பெரும்பாலான கொட்டகைகளில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. மிஷின் ஓட்டும் ஒருவருக்கு வேண்டிய மாஸ்க் அதனால் ஐந்து பேருக்கு வேண்டியதாகிறது.

மாவு பறக்கும் அறையில் பீடியோ விளக்கோ கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். காற்றில் நிறைந்த மாவு வெடிமருந்தைப் போலப் பற்றும். 1878 மே 2 அன்று அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரில் ஒரு பெரிய மாவு ஆலை இப்படித்தான் வெடித்து 18 பேர் இறந்தார்கள்.

நனைந்த கடலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் பட்ட பாட்டையும் நாம் மறக்க முடியாது. அதுபோல் நனைந்த கடலையில் பச்சை நிறப் பூஞ்சை பிடித்தால் அது அஃப்ளாடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு தின்று இறந்த பிறகுதான் உலகம் அதைக் கண்டுபிடித்தது. அந்தச் சரக்கைக் காயவைத்து, உடைத்து, நல்லதோடு கலந்து விற்பது வேறு பாவம். அதை இங்கே பேசவில்லை. அதைக் கொட்டி அப்புறப்படுத்துகிறவர்கூடத் துண்டு கட்டிக்கொண்டு செய்யக்கூடாது. நல்ல மாஸ்க்கும் கையுறையும் வேண்டும். மாஸ்க்கை அன்றோடு எறிந்துவிட வேண்டும்.

சுற்றுவது

கையுறை என்றால் எப்போதும் நல்லது என்ற எண்ணம் தவறு. பெல்ட் ஓடும் மிஷின், துளை போடும் டிரில், இவற்றின் அருகே கையுறை போடவே கூடாது. வெறும் விரல் பட்டால் தோல் கிழியும். கையுறையின் நுனி சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போகும். முந்தானை, தாவணி, தொங்கும் பின்னல், தோள் துண்டு, மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றுக்கும் இதே விதி. ஓடும் இயந்திரத்தின் அருகே போய்ப் பார்க்கிறவர் இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. அது வீட்டு மாவு மிஷினுக்கும் பொருந்தும் புத்திதான். பெண்கள் மிஷின் அருகே வேலை செய்தால், புடவைமேல் அணிய முழுக்கைச் சட்டை ஒன்றும், கூந்தலை மூட ஒரு துணியும் கொடுத்துவிடலாம். அதைவிட முதன்மையானது பெல்ட்டுக்கு ஒரு கம்பிவலைக் கூண்டு. லேத் பட்டறையில் அரைநாள் வேலை. அந்தக் கூண்டு இல்லாத மிஷினுக்கு எந்த உடையும் காப்பாகாது. சுவிட்சை நிறுத்தி, பெல்ட் முழுவதும் நின்ற பிறகே உள்ளே கை விடலாம் என்பதைச் சுவரில் எழுதி வைத்தாலும் தவறில்லை.

மிஷின் சத்தத்தில், கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும் அளவு என்று கொள்ளலாம். பஞ்சு உருட்டி வைப்பது பயன்படாது. நுரையால் செய்த காதடைப்பான் மலிவாகக் கிடைக்கிறது.

பறப்பதும் தெறிப்பதும்

இரும்பு ராக் வெட்ட ஆங்கிள் கிரைண்டர் இன்று எல்லோர் வீட்டிலும் வந்துவிட்டது. அதன் வட்டு ஒரு நிமிடத்தில் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். வட்டு உடைந்தால் துண்டு எங்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மேல் மூடியைக் கழற்றிவிட்டு வெட்டுவது நம்மிடம் பரவலான பழக்கம். அதை உடனே நிறுத்த வேண்டும். படிக்கும் கண்ணாடி இதற்குக் காப்பு அல்ல, பக்கவாட்டில் திறந்திருக்கிறது. ஐ.எஸ். 5983 குறியுள்ள, பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். அதன்மேல் முகம் முழுவதும் மூடும் தகடு இருந்தால் இன்னும் நல்லது. பொறி பறக்கும் திசையில் சாக்கு இருக்கக்கூடாது. சாக்கில் விழுந்த பொறி உடனே எரியாது, உள்ளே கனன்று இரவில் எரியும். வெட்டி முடித்து அரைமணி நேரம் கழித்து ஒருமுறை போய்ப் பார்ப்பது அவசியம். வெல்டிங் ஆளை வரவழைத்தால் வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை விரட்டுங்கள். வெல்டிங் ஒளி அப்போது ஒன்றும் செய்யாது. நடு இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். கறுப்புக் கூலிங் கிளாஸ் அதற்குத் தடுப்பு அல்ல.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் நாம் விற்கும் பொருட்கள். பெரிய கேனிலிருந்து சிறு பாட்டிலுக்கு ஊற்றும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து, வாங்குபவர் பெயர், முகவரி, காரணம் எல்லாம் பதிவு செய்யச் சொன்னது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைத் தடுத்தது. ஆகவே பாட்டிலில் மாற்றி ஊற்றுவதையே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். வீட்டுக் கழிவறைக்கோ தரைக்கோ கையாள நேர்ந்தால், முழங்கைவரை வரும் ரப்பர் கையுறையும் கண்ணை முழுதும் மூடிய கண்ணாடியும் வேண்டும். கையுறையைப் போடுமுன் ஊதி, தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் ஓட்டை தெரியும். துணிக் கையுறை இங்கே ஆபத்து. ஆசிட்டைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டியே இருக்கும். கலக்க வேண்டியிருந்தால் தண்ணீரில்தான் ஆசிட்டை மெல்ல ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் சுண்ணாம்பு, சோடா என்று தேடாமல், ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கண்ணைத் திறந்து கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிளகாய் வற்றல் காம்பு கிள்ளுகிறவர்களுக்கு மெல்லிய நைட்ரைல் கையுறை நல்லது. எரிச்சலுக்குத் தண்ணீர் மட்டும் பயன்படாது. காரம் எண்ணெயில்தான் கரையும். கையில் நல்லெண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்பால் கழுவ வேண்டும். கையுறையோடு கண்ணைக் கசக்கினால் கையுறை போட்டும் பயனில்லை.

வாயு

இதுவரை சொன்னவை நோய்க்கும் காயத்துக்கும். இனிச் சொல்வது உயிருக்கு.

உளுந்து, துவரை, கோதுமையில் வண்டு விழுந்தால் செல்பாஸ் மாத்திரை போடுவது நம்மிடையே பழகிப்போன முறை. அதன் இரசாயனப் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவை விடும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் கொடுக்கும். ஒரு கிராம் என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் பாஸ்பீன் ஏறத்தாழ 0.7 லிட்டர் வாயு. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையில் சுமார் 28,300 லிட்டர் காற்று இருக்கிறது. காற்றோட்டம் இல்லாவிட்டால் இரண்டு மாத்திரை, அந்த அறைக் காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு பாஸ்பீனை நிரப்பிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நிபுணர்கள் வைத்திருக்கும் எல்லையும் அதே 50 பங்குதான். வேலை செய்யும் இடத்துக்கென்று நெடுங்காலமாக அனுமதித்துவந்த அளவோ 0.3 பங்கு. இரண்டே மாத்திரை!

இதற்கு எதிரே என்-95 மாஸ்க் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அது துகளைத் தடுக்கும் வலை, வாயு அதன் வழியே தாராளமாகப் போகும். ஈரத்துண்டும் அப்படியே. வாயுவுக்கென்று குப்பி வைத்த முகமூடி இருக்கிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு வாயுவுக்கும் வேறு வேறு குப்பி. குளோரினுக்கு வாங்கியது பாஸ்பீனுக்கு ஆகாது. திறந்த பிறகு அதற்கு ஆயுள் குறைவு. எப்போது தீர்ந்தது என்பது போட்டவருக்குத் தெரியாது. அறையில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று அளக்கும் கருவியும் பயிற்சியும் இல்லாமல் அதை வாங்கி மாட்டிக்கொள்வது வீண் தைரியம். பூண்டு வாசனை, அழுகிய மீன் வாசனை வந்தால் ஓடிவிடலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்த வாசனை கலப்படத்தால் வருவது. சுத்தமான பாஸ்பீனுக்கு மணமே இல்லை. வாசனை வரவில்லை என்பது வாயு இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அலுமினியம் பாஸ்பைடு கொண்டு பூச்சி ஒழிக்கும் வேலையை அரசு நிறுவனங்களும், அங்கீகாரம் பெற்ற நிபுணர் மேற்பார்வையில் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களும்தான் செய்யலாம். 3 கிராம் மாத்திரை 10-ம் 20-ம் போட்டு வந்த குழாய் டப்பாக்கள் முழுவதும் தடை செய்யப்பட்டவை. நம் கடையில் அதை வைத்து விற்பதும், கொட்டகையில் நாமே போடுவதும் இரண்டுமே கூடாது.

நமக்குக் கூடுதல் ஆபத்து என்னவென்றால், கொட்டகைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பாஸ்பீன் காற்றைவிடச் சிறிது கனமானது. கதவிடுக்கு, சுவர் விரிசல், மின்சார பைப் ஓட்டை எல்லாவற்றின் வழியும் போகும். அட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் பக்கத்து அறையில் பிள்ளைகளைப் படுக்க வைப்பது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலித்தொல்லைக்காகத் தனியார் ஆட்கள் வந்து மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு குடும்பம் ஏ.சி. போட்டு, அறையை மூடிக்கொண்டு தூங்கியது. இரண்டு சிறு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். செய்தித்தாளில் நாம் எல்லோரும் படித்ததுதான். ஆட்களை வரவழைத்துச் செய்தாலும் அன்று இரவு அந்த வீட்டில் யாரும் படுக்கக்கூடாது என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். என்ன மருந்து, எத்தனை நாள் மூடியிருக்க வேண்டும், திறந்து எவ்வளவு நேரம் காற்றாட விட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுக்க வேண்டும். மீந்த சாம்பல் தூளிலும் கொஞ்சம் உயிர் இருக்கும். அதைக் குப்பையில் கொட்டித் தண்ணீர் ஊற்றக்கூடாது, வாயு குபீரென்று வந்து தானே தீப்பிடிப்பதும் உண்டு. கொண்டுவந்தவர்களே எடுத்துப்போக வேண்டும்.

வண்டுக்கு வேறு வழியில்லையா என்று கேட்கலாம். மாதச் சரக்கு மட்டும் வாங்குவது, நல்ல வெயிலில் காயவைத்துக் கட்டுவது, பழைய சாக்கைப் புதுச் சரக்கின் அருகே வைக்காமலிருப்பது, பலகை போட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அட்டி போடுவது, இவையெல்லாம் பெரியவர்கள் செய்ததுதான். நூறு மூட்டைக்குமேல் இருப்பு வைக்கிறவர்கள் வீட்டோடு சேர்ந்த கொட்டகையை விட்டுத் தனிக் குடோனுக்குப் போய்விடுவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

பாஸ்பீன் தவிர இன்னும் இரண்டு வாயு. பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் கழிவறை ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வரும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர ஊரருகே போர்க்களத்தில் ஜெர்மானியர் ஆயுதமாக விட்ட அதே வாயு. வெள்ளம் வடிந்த பிறகு கொட்டகை கழுவும்போது இரண்டையும் சேர்த்து ஊற்றினால் அழுக்கு நன்றாகப் போகும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும், கதவு ஜன்னலைத் திறந்து வைத்து. மற்றொன்று ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு. மழை நனைக்குமென்று ஜெனரேட்டரைக் கொட்டகைக்குள் இழுத்து வைத்தால் மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு வீட்டுக்குள் வரும். இரண்டுக்கும் மாஸ்க் கிடையாது. வெளியே வைப்பதும், கலக்காமலிருப்பதும்தான் சாதனம்.

யாராவது வாயு பட்டு மயங்கினால், மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி இழுத்து வர முயல்பவர் இரண்டாவது ஆளாக விழுவார். வெளியிலிருந்தே கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு 101-க்கும் 108-க்கும் சொல்ல வேண்டும். தானே வெளியே வந்துவிட்டவர் வாந்தி, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் என்றால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் படுக்க வைக்காமல், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். பாஸ்பீனுக்கு மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. நேரம்தான் மருந்து. மருந்து உறையையோ டப்பாவையோ பிளாஸ்டிக் பையில் கட்டி உடன் எடுத்துப்போனால் டாக்டருக்கு என்னவென்று தெரியும்.

வாங்கிச் சேர்க்கச் சில பொருட்கள்

மிஷின் ஓட்டுகிறவருக்குச் சில மாஸ்க், பக்கம் மூடிய கண்ணாடி ஒன்று, நீண்ட ரப்பர் கையுறை ஒரு ஜோடி, காதடைப்பான். மூட்டை தூக்குகிறவருக்கு ரப்பர் செருப்புக்குப் பதில் முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த ஷூ, ஐ.எஸ். 15298 குறியோடு. இவ்வளவே. இடுப்பு பெல்ட் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1994-இல் அமெரிக்க அரசின் தொழில்நல ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து, முதுகுக் காயத்தைத் தடுக்கும் என்று சொல்லச் சான்று போதவில்லை என்று அறிவித்தது. அந்தப் பணத்துக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கலாம்.

வாங்கியதை ஒரு மூடியுள்ள டின்னில், மிஷினிலிருந்து தள்ளி, கைக்கெட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். மிஷின்மேல் ஆணியில் மாட்டிய மாஸ்க்கில் உள்பக்கம்தான் முதலில் மாவு படியும். மாஸ்க்கைத் துவைக்கக்கூடாது, துவைத்தால் வடிகட்டும் திறன் போய்விடும். உள்பக்கம் அழுக்கானாலும், பட்டை தளர்ந்தாலும், மூச்சிழுக்கச் சிரமமானாலும் மாற்ற வேண்டும். கல்லாப்பெட்டி அடியில் 2021-லிருந்து கிடக்கும் மாஸ்க்கின் பட்டையை இழுத்துப் பாருங்கள். ரப்பர் திரும்பச் சுருங்கவில்லையென்றால் அதைக் கண்ணாடி துடைக்க வைத்துக்கொள்ளலாம்.